சுருக்குப்பை மேடம்

பேராசிரியர் என்று சொன்னால் அந்த ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். சுருக்குப்பை மேடம் என்று சொல்லிப் பாருங்கள், லிஃப்ட் ஓட்டுகிறவர் வரைக்கும் தெரியும். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். அவருக்கும் விஷயம் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிடுவார். உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை, பின்னே என்ன? பேராசிரியர்கள் எழுதியதெல்லாம் நூலகத்தில் தூசி தின்றுகொண்டு கிடக்கிறது. இவர் யோசித்த ஒரு விஷயம் உலகத்தில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் நாடா கட்டித் தொங்குகிறது.

அவர் படித்த படிப்பை விளக்குவது லேசான காரியமில்லை. அவருடைய அம்மாவுக்கே கடைசிவரை பிடிபடவில்லை.

"நீ டாக்டராடி?"

"இல்லம்மா."

"நர்ஸா?"

"இல்லம்மா."

"பின்ன ஆஸ்பத்திரில உனக்கு என்னதான் வேலை?"

"நோயாளிக்கு டாக்டர் வைத்தியம் பாக்கறார். நான் ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பாக்கறேன்."

"ஆஸ்பத்திரிக்கு என்ன கேடு?" என்றார் அம்மா. அதற்குப் பதில் சொல்லவே மேடத்துக்கு ஒரு ஆயுசு ஆனது.

புதிதாக விரிவுரையாளர் வேலையில் சேர்ந்தபோது, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் புகார்ப் பெட்டியைத் திறந்து படித்து ஒரு அறிக்கை கொடு என்று துறைத்தலைவர் சொன்னார். புதுசாக வந்தவள் தலையில் கட்டுகிற வேலை அது. டாக்டர் திட்டினார், காத்திருந்து கால் வலித்தது, கக்கூஸ் நாறுகிறது, இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதெல்லாம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் விட அதிகமாக இருந்தது வேறொன்று. பொருள் தொலைந்த புகார். அப்பாவின் கண்ணாடியைக் காணோம். அத்தையின் பல் செட்டு சாப்பாட்டுத் தட்டோடு குப்பைக்குப் போய்விட்டது. மாமாவின் காது மெஷின் படுக்கை விரிப்போடு சலவைக்குப் போய்விட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பில் கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். கழற்றியது எங்கே போகிறது என்று யாருக்கும் அக்கறை இல்லை.

கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னதும் பெரிய டாக்டர்கள் சிரித்தார்கள். "நாங்க உயிரைக் காப்பாத்தறோம்மா. எங்களைப் போய் பல்லைத் தேடச் சொல்றியே" என்றார் ஒருவர்.

மேடத்துக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும் வயசு. "உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் சார் பல்லு வேணும்" என்றார். 

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. அவருடைய கணவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். வாய் ஓயாமல் பேசுவார், கை ஓயாமல் எதையாவது செய்வார். தையல் மெஷின் வைத்திருந்தார். மகளுடைய சட்டைகளெல்லாம் அவர் கைவேலைதான். மனைவி பொரிந்து தள்ளியதை முழுசாகக் கேட்டுவிட்டு, "ஒரு பை இருந்தா போதுமே புரொபசரம்மா" என்றார். அப்போது மேடம் புரொபசர் எல்லாம் இல்லை. கல்யாணமான புதிதிலேயே பதவி உயர்வு கொடுத்துவிட்டார் மனுஷன்.

துணி வேண்டுமே? கூடத்து ஜன்னலில் தொங்கிய நீலத்திரையைக் கழற்றினார். அன்றைக்கே நாடா கோத்த சுருக்குப்பைகள் தயார். அப்புறம் ரொம்ப நாள் அந்த வீட்டுக்குத் திரை கிடையாது. எதிர்வீட்டுக்காரர்கள் இவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

வழிமுறை இதுதான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், வீட்டு ஆள் பார்க்கும்படி, நர்ஸ் கண்ணாடி, பல் செட்டு, காது மெஷின், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட வேண்டும். நாடாவை இழுக்க வேண்டும். நோயாளி பேர் எழுதிய அட்டையைக் கட்ட வேண்டும். வீட்டு ஆள் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்கோங்க" என்று சொல்ல வேண்டும். ஒரே வருஷத்தில் தொலைந்த பொருள் புகார் ஒன்றுகூட இல்லை. சிரித்த டாக்டரே வந்து கைகுலுக்கினார்.

அதற்கப்புறம் மேடத்துக்குக் காலில் சக்கரம்தான். மலையுச்சியில் இருந்த ஆஸ்பத்திரி, படகில் போய்ச் சேர வேண்டிய ஆஸ்பத்திரி, சண்டை ஓய்ந்து கூரை மட்டும் மிஞ்சிய ஆஸ்பத்திரி என்று எங்கெங்கோ கூப்பிட்டார்கள். கை கழுவும் தொட்டியை எங்கே வைத்தால் கை கழுவுவார்கள், நோயாளியை ஏன் நாலு இடத்தில் வரிசையில் நிற்க வைக்கிறீர்கள், இரவில் கூப்பிட்டால் நர்ஸுக்குக் கேட்கிறதா என்று அவர் எத்தனையோ சொல்லிக்கொடுத்தார். எத்தனையோ உயிர் அதனால் பிழைத்திருக்கும். ஆனால் பேர் என்னவோ சுருக்குப்பைக்குத்தான் கிடைத்தது. போன இடத்திலெல்லாம் அந்தந்த ஊர்த் துணியில் பை தைத்துக் காட்டுவார்கள். மேடம் நாடாவை இழுத்துப் பார்த்து, அட்டையைத் திருப்பிப் பார்த்து, தலையாட்டுவார். "தொலைஞ்சது எத்தனை?" என்று கேட்பார். "ஒண்ணுமில்லை" என்று பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் மேடத்துக்கு நல்ல சாப்பாடு சாப்பிட்ட திருப்தி.

வீட்டில் வாத்தியார் சுவரில் ஒரு பெரிய உலகப்படம் மாட்டினார். மேடம் ஒரு ஊருக்குப் போனதும் அந்த இடத்தில் ஒரு குண்டூசி. சிவப்புத் தலை வைத்த குண்டூசி. மகள் அழுதால் படத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போய், "அம்மா இப்போ இங்க இருக்கா. இது பெரிய ஏரி. அம்மா அந்தக் கரையில நின்னு உனக்கு டாட்டா காட்டறா பாரு" என்பார். மகளுக்குத் தலை பின்னியது, காய்ச்சலுக்குக் கண்விழித்தது, பள்ளிக்கூடக் கூட்டத்தில் அம்மாக்களுக்கு நடுவே ஒற்றை ஆம்பளையாக உட்கார்ந்தது எல்லாம் அவர்தான். அங்கேயும் சும்மா இருக்க மாட்டார், மூலையில் ஒரு அம்மாவுக்குப் பாவாடைக்கு எப்படி மடிப்பு வைப்பது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒருதடவை மேடம் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "அம்மா, நீங்க எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டாள். குழந்தை ஆசையாகத்தான் கேட்டது. விருந்தாளியைக் கேட்கிற கேள்வி அது என்று அதற்குத் தெரியுமா? மேடம் சிரித்துச் சமாளித்தார். வாத்தியார் பெட்டியை வாங்கிக்கொண்டு, "அம்மாவுக்கு முதல்ல டீ போடலாம் வா" என்றார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அந்தக் கேள்வி மட்டும் மேடத்தின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதைப் பற்றி வாத்தியாரிடம் ஒருநாள் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. அடுத்த ஊர் கூப்பிட்டது.

காலம் ஓடியது. மகள் கல்யாணமாகித் தூரதேசம் போனாள். இருவரும் ஓய்வு பெற்றார்கள். வாத்தியாருக்குக் கண்ணாடி தடித்தது, பல் போனது, காது மங்கியது. பல் செட்டு விஷயத்தில் மனுஷனுக்கு அப்படி ஒரு ரோஷம். பல் இல்லாத வாயை மனைவிகூடப் பார்த்ததில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் கழற்றுவார், மாட்டுவார். "கட்டின பொண்டாட்டிகிட்ட என்னங்க வெக்கம்?" என்று மேடம் கேட்டால், "நீ என் சிரிப்பைப் பாத்துத்தான கட்டிக்கிட்ட?" என்பார். காதோ, மெஷின் இல்லாவிட்டால் இடி இடித்தாலும் யாரோ பக்கத்துத் தெருவில் கதவைத் தட்டுகிற மாதிரிதான்.

ஓய்வு பெற்றும் மேடத்தைக் கூப்பிடுவது நிற்கவில்லை. புதிதாக ஒரு நாட்டிலிருந்து அழைப்பு வந்த அன்று, படத்தில் அந்த இடம் உச்சியில் இருந்தது. வாத்தியார் ஸ்டூல் போட்டு ஏறினார். "நான் இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று மேடம் சமையலறையிலிருந்து கத்தியது அவருக்குக் கேட்டதோ இல்லையோ. ஸ்டூல் ஆடிற்று. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

அதே ஆஸ்பத்திரிதான். ஆபரேஷன் செய்கிற டாக்டர் மேடத்திடம் படித்தவர். தியேட்டர் வாசலில் நர்ஸ் சுருக்குப்பையை எடுத்ததும், அவ்வளவு பதற்றத்திலும் மேடத்துக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. கண்ணாடி உள்ளே போனது. காது மெஷின் உள்ளே போனது. பல் செட்டுக்கு மட்டும் வாத்தியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, போர்வையால் மறைத்துக்கொண்டு, தானே கழற்றிக் கொடுத்தார். மேடம் அட்டையில் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது.

"பயப்படாதீங்க. நான் இங்கயேதான் இருப்பேன்" என்றார்.

வாத்தியார் வாயை இறுக்க மூடிக்கொண்டு சிரித்தார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று.

அன்று ராத்திரி மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது, மேடம் பையை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். சும்மா சொல்லக்கூடாது, பத்திரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் மனுஷன் மனுஷனாக இல்லை. கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டே கிடந்தார். நர்ஸ் பேர் கேட்டால் பதில் இல்லை. "இது என்ன இடம் தெரியுதா?" என்றால் பதில் இல்லை. கையில் குத்தியிருந்த ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். மருந்து கொடுக்க வந்தால் வாயை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினார். அந்த வார்டில் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராகத்தான் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார்கள். மேடம் போய்ப் பக்கத்தில் நின்றபோது அவரையும் வாத்தியார் யாரோ எவரோ என்று பார்த்தார். வாழ்நாளெல்லாம் பேசித்தீர்த்த வாய் ஒரு சொல் பேசவில்லை.

மேடத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் மண்டை மட்டும் ஓடியது, அதுதான் வினை. வயசானவர், இடுப்பு ஆபரேஷன், மயக்கமருந்து: இப்படிப்பட்டவர்களுக்குப் புத்தி குழம்புவது உண்டு, சிலருக்குத் தெளியாமலே போவதும் உண்டு என்று அவரே பாடம் எடுத்திருக்கிறார். படித்த படிப்பு பதிலை முந்திக்கொண்டு கொடுத்துவிட்டது. அப்புறம் கேள்வி கேட்க ஆள் ஏது?

ஒருநாள் மேடத்தின் முறை வந்தபோது, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். மகள் கேட்ட கேள்வியைச் சொன்னார். அந்தக் குண்டூசிகளைச் சொன்னார். இன்னும் என்னென்னவோ சொன்னார், அழுதுகொண்டே. புரியாத மனுஷனிடம் சொல்கிறோமே, இருந்தபோது சொல்லவில்லையே என்றுதான் அந்த அழுகை. வாத்தியார் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் டாக்டர் மேடத்தை ஓரமாகக் கூப்பிட்டார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"மேடம், சார் ஊசியைப் பிடுங்கறார். இப்படியே விட்டா ஆபத்து. இன்னைக்கு ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் கையைக் கட்டி, தூங்கறதுக்கு மருந்து ஆரம்பிச்சுடலாம். நாளைக்கு நினைவு தப்பினவங்க இருக்கற வார்டுக்கு மாத்தறோம். அதுக்கப்புறம் வீடுன்னு... நீங்க தனியா எப்படிப் பாத்துப்பீங்க? நல்ல முதியோர் ஹோமா பாக்கலாம்."

கையைக் கட்டுவதா! கட்டிப்போட்டுத் தூங்க வைத்த வயசானவர்கள் எத்தனை பேர் திரும்ப எழுந்து நடந்தார்கள் என்பது மேடத்துக்கு மனப்பாடம். அந்த வார்டுக்குப் போனால் வாத்தியார் திரும்ப வீடு வந்து சேரப் போவதில்லை.

"இன்னும் ஒரு நாள் பொறுக்கக்கூடாதா?"

"நீங்களே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் மேடம். முடிவைத் தள்ளிப்போடக்கூடாதுன்னு." டாக்டர் தயங்கினார். "நீங்க இப்போ புரொபசர் இல்ல. அவரோட வொய்ஃப். கொஞ்சம் உக்காருங்க."

மேடம் வார்டு வாசலில் இருந்த நீளப் பெஞ்சில் போய் விழாத குறையாக உட்கார்ந்தார். முறை வருவதற்காகக் காத்திருக்கிற வீட்டு ஆட்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண். வாத்தியாருக்குப் பக்கத்துப் படுக்கையில் இருக்கிற பெரியவரின் மருமகள்.

"உங்க வீட்டுக்காரரும் பேசலையாக்கா?" என்று கேட்டாள் அவள்.

மேடம் இல்லை என்று தலையாட்டினார்.

"எங்க மாமாவும் அப்படித்தான். வீட்ல ரேடியோ தோத்துடும். இங்க வந்ததும் கிணத்துல போட்ட கல்லு. புத்தி பிசகிடுச்சுங்கறாங்க." அவள் மடியில் இருந்த சுருக்குப்பையின் நாடாவை அவிழ்த்து, உள்ளேயிருந்த காது மெஷினை ஒதுக்கி ஒரு கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, திரும்பவும் உள்ளே வைத்து இறுக்கினாள். "இது ஒண்ணுதான் என் பொறுப்பு. தொலைச்சேன்னா என் வீட்டுக்காரர் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார். தூங்கும்போதுகூடத் தலைமாட்டுலதான் வச்சுக்கறேன்."

பழக்கதோஷம். மேடம் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பேர் தெளிவாக எழுதியிருந்தது. நாடா உறுதியாக இருந்தது. "ரொம்ப நல்லாப் பத்திரமா வச்சிருக்கீங்கம்மா" என்று பாராட்டவும் செய்தார். பாராட்டிவிட்டு, அந்தப் பெண்ணைத் தாண்டிப் பெஞ்சைப் பார்த்தார்.

அதற்கடுத்து உட்கார்ந்திருந்தவர் மடியிலும் ஒரு பை. அதற்கடுத்த அம்மாவின் தோளில் ஒரு பை. அடுத்த ஆள் பையைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பல் செட்டு கடகடவென்றது. பெஞ்சின் கடைசி வரை பை. எல்லாம் பத்திரமாக. எல்லாம் இறுக்கக் கட்டி.

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே படுத்திருக்கிறவர்களின் கண்ணும் காதும் பல்லும் மொத்தமாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன! உள்ளே இருப்பவர்களைப் பார்த்துக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை, பேசவில்லை, புத்தி பிசகிவிட்டது என்கிறோம். கழற்றச் சொன்னோம், கட்டச் சொன்னோம், பத்திரமாக வைக்கச் சொன்னோம். திரும்ப மாட்டிவிடச் சொன்னோமா? தொலைந்தது எத்தனை என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டோமே, திரும்பப் போய்ச் சேர்ந்தது எத்தனை என்று ஒருநாளாவது, ஒரு ஊரிலாவது கேட்டோமா?

"ஐயோ, நான் ஒரு மடச்சி" என்றார் வாய்விட்டு.

"என்னக்கா?" என்று பதறினாள் மருமகள். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. மேடம் டாக்டரின் அறைக்குள் கதவைக்கூடத் தட்டாமல் போய்விட்டார்.

"நான் வீட்டுக்குப் போயிட்டு வரேன். நான் வரவரைக்கும் அவர் கையைக் கட்டாதீங்க. ஊசி போடாதீங்க."

"மேடம், நான்தான் சொன்னேனே..."

"புரொபசரா கேக்கல தம்பி. வொய்ஃபாத்தான் கேக்கறேன்."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, "ரவுண்ட்ஸ் முடியறதுக்குள்ள வந்துடுங்க" என்றார்.

டாக்சிக்காரர் பாவம். "சீக்கிரம் போங்க" என்று மேடம் சொன்ன வேகத்தில் வண்டி பறந்தது. வீட்டு வாசலில் காத்திருக்கச் சொன்ன வேகத்தில் அவருக்கு வியர்த்துவிட்டது. பீரோச் சாவி கைப்பையில் இருந்தது. அதைக் கைப்பையில் தேடாமல் வீடு பூராவும் தேடினார். கிடைத்தபிறகு பீரோ திறக்காமல் மக்கர் பண்ணியது. "திறந்து தொலையேன், சனியனே!" என்று ஒரு எத்து விட்டார். கற்றறிந்த சபைகளில் பேசிய வாய்தான் அது. பீரோ திறந்துகொண்டது.

திரும்பி வந்தபோது சிஸ்டர் கையில் கட்டுத்துணி தயாராக இருந்தது. அந்த வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர், கறாரான ஆள். மேடம் மூச்சு வாங்க வந்து நின்று சுருக்குப்பையை உயர்த்திக் காட்டினார்.  சிஸ்டர் பையைப் பார்த்தார். படுக்கையைப் பார்த்தார். கட்டுத்துணியை மெல்ல ட்ராலியில் வைத்துவிட்டார்.

முதலில் கண்ணாடி. காதோரம் மாட்டிவிட்டதும் வாத்தியாரின் கண் ஒரு நிமிஷம் இங்கும் அங்கும் அலைந்தது. அப்புறம் மேடத்தின் முகத்தில் வந்து நின்றது. நின்ற இடத்திலேயே நிறைந்தது. 

அடுத்து காது மெஷின். உள்ளே வைத்ததும் குய்ங்ங் என்று கத்தியது. வாத்தியார் முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பைப் பார்த்து மேடத்துக்குப் போன உயிர் வந்தது. சுளிக்கிற மனுஷன் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறார்!

பல் செட்டைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினார். வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. விரலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். அந்தப் பக்கம் திரும்பு என்று அர்த்தம். மேடம் திரும்பிக்கொண்டார். கறாரான சிஸ்டரும் திரும்பிக்கொண்டார். அறிவாளிகள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதுகுக்குப் பின்னால் கரகரவென்று ஒரு குரல் கேட்டது. "ஏம்மா, இந்த ஆஸ்பத்திரில எல்லாருமே ஊமையா?"

மேடம் அழுதுகொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். இரண்டில் எது எது என்று அவருக்கே தெரியவில்லை.

"வரவன் போறவன் எல்லாம் வாயை வாயை அசைக்கறான்" என்றார் வாத்தியார். "கண்ணும் தெரியல. ஒருத்தன் வந்து கையில எதையோ குத்தறான். எதுக்குன்னு கேக்கலாம்னா வாயில பல்லு இல்ல. பல்லு இல்லாம எப்படிப் பேசறது, மானம் போயிடாது? சரி, நாம செத்துட்டோம் போலன்னு முடிவு பண்ணிட்டேன்."

"பேர் கேட்டாங்களே, சொல்லக்கூடாதா?" என்றார் சிஸ்டர்.

"கேட்டீங்களா? நீங்க கொட்டாவி விட்டீங்கன்னு நினைச்சேன்."

அப்புறம்தான் மேடத்தின் கையிலிருந்த காலிப் பையைப் பார்த்தார் வாத்தியார். கொஞ்ச நேரம் பார்த்தார். ரவுண்ட்ஸ் முடித்து வந்த டாக்டர் கதவருகே நின்றுவிட்டார்.

"அடிப்பாவி" என்றார் வாத்தியார் மெதுவாக. "நான் தைச்ச பையில என்னையே போட்டுக் கட்டிட்டியா?"

"ஆமாங்க" என்றார் மேடம். "உங்களை மட்டுமா? எத்தனை ஊரு, எத்தனை வருஷம். எத்தனை பேர் இப்படிப் படுத்துக் கிடந்தாங்களோ. நான்தான் போய் நல்லா இருக்குன்னு தலையாட்டிட்டு வந்தேன்." 

வாத்தியார் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அழாத. தொலையாம வச்சிருந்தியே. தொலைஞ்சிருந்தா இப்போ எதைக் கொண்டுவந்து மாட்டுவ? பாதி வேலைய முடிச்சுட்ட. மீதிய முடி, அவ்வளவுதான்."

டாக்டர் உள்ளே வந்தார். ட்ராலியில் கிடந்த கட்டுத்துணியை எடுத்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டார்.

"அது கிடக்கட்டும்" என்றார் வாத்தியார். "நேத்து வந்து என்னமோ நீளமா சொன்னியே. மூஞ்சி மங்கலாத்தான் தெரிஞ்சுது, ஆனா தோள் குலுங்கினது தெரியும். என்ன அது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அவ்வளவு நேரம்?"

மேடம் சுற்றுமுற்றும் பார்த்தார். சிஸ்டர், டாக்டர், படுக்கை படுக்கையாக ஆட்கள். குனிந்து அவர் காதருகே ஏதோ சொன்னார்.

"என்ன?"

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"கேக்கல. பேட்டரி தீரப் போகுது போல. சத்தமா சொல்லேன், வகுப்புல சொல்லுவியே, அந்த மாதிரி."

மேடம் நிமிர்ந்தார். வெட்கம் மானம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்தார்.

"நான் போன ஊருக்கெல்லாம் குண்டூசி குத்தினீங்க! எல்லாம் நான் உங்களைத் தனியா விட்டுட்டுப் போன நாளுங்க! புள்ளைய நீங்கதான் வளத்தீங்க! ஒரு வார்த்தை என்னைக் கேக்கல! நான் எங்க போனாலும் தைரியமா போனேன்னா, திரும்பி வந்தா நீங்க இருப்பீங்கன்னுதான்! நீங்க இல்லாத வீட்டுக்கு எனக்குத் திரும்பி வரத் தெரியாதுங்க!"

வார்டு அப்படியே நின்றது. மருந்து ட்ராலி தள்ளிக்கொண்டிருந்தவர் நின்றார். எதிர்ப் படுக்கையில் சூப் குடித்துக்கொண்டிருந்தவரின் ஸ்பூன் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். போர்வை நுனியால் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு பக்கத்துப் படுக்கையைப் பார்த்தார். அங்கே அந்தப் பெரியவர் இத்தனை அமளியிலும் விட்டத்தைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருந்தார்.

"எல்லாருக்கும் கேட்டுடுச்சு" என்றார் வாத்தியார். "அவருக்கு மட்டும் கேக்கல பாரு."

"அவர் காது வெளிய இருக்குங்க. அவர் மருமக மடியில."

"போய் வாங்கிட்டு வா. வந்து இன்னொரு தடவ சொல்லு. அவரும் கேக்கட்டும்."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒருத்தர்தான் உள்ளே வரலாம் என்று சொல்ல சிஸ்டர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, கதவின் இன்னொரு பாதியையும் திறந்துவிட்டார்.

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பை வச்சிருக்கறவங்க எல்லாரும் உள்ள வாங்க" என்றார் மேடம்.